உப்பளக் கரையில் பெயர்ப் பட்டியல்கள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தில் இறங்குவது அபூர்வம். கடப்பாக்கம் தாண்டி, ஆலம்பரைக் கோட்டைக்குப் பிரியும் பாதையையும் விட்டு வந்தால் உப்பளம் தொடங்குகிறது. பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீர். வரப்பில் வெள்ளைக் குவியல்கள். மழைக்குப் பயந்து அவற்றின் மேல் போர்த்திய கீற்றும் தார்ப்பாயும். ஓடும் காரிலிருந்தே ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

பழைய ஊர் இது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் துறைமுகம், இதுதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. இன்றைக்கு ஊரின் அடையாளம் உப்பு. தூத்துக்குடி, வேதாரண்யம் என்று சொல்லி வரும்போது அடுத்து வரும் பெயர் மரக்காணம். தையும் மாசியும் பாத்திகளைக் காலால் மிதித்துத் தரையை இறுக்கும் காலம். பங்குனியிலிருந்து உப்பு வாருவார்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் எல்லாம் கரைந்து, அளம் மறுபடி ஏரியாகிவிடும். பிறகு மூன்று மாதம் வேலை கிடையாது.

நான் போனது ஆவணி வெயிலில். காலில் ரப்பர் பூட்ஸ் போட்டவர்கள் சிலர், வெறுங்காலில் நின்றவர்கள் பலர். வரப்பில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்த அம்மாவிடம், மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“கவர்மெண்டுல அஞ்சாயிரம் தராங்க சார். பேரு எழுதி வச்சிருக்கிறவங்களுக்கு வரும்.”

“உங்க பேர் இருக்கா?”

“எம் பேரு கீது. மருமவ பேரு இன்னும் ஏத்தல. இந்த வருசம் ஏத்திடணும்.”

தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. அந்தப் பணத்துக்கும் அவர் வீட்டு அடுப்புக்கும் நடுவே ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் ஏறினால் ஐப்பசியில் அடுப்பு எரியும். நம் நாட்டில் ஏழைகள் பட்டியல்களை அறிவது பெரும்பாலும் இப்படித்தான்: ரேஷன், முதியோர் பணம், நூறு நாள் வேலை. பட்டியல் என்றால் கிடைப்பது, அல்லது விட்டுப்போவது.

அதே காகிதம் ஆளைக் கொல்லவும் பயன்பட்டிருக்கிறது. இந்தக் கடற்கரையில் அந்த இன்னொரு வகைப் பட்டியலின் கதையை நினைவில் வைத்திருக்கும் மனிதர்கள் வாழ்கிறார்கள். மரக்காணத்துக்குத் தெற்கே, கீழ்புத்துப்பட்டில், இலங்கைத் தமிழர் முகாமில். நான் வந்தது அவர்களைத் தேடி.

*

மரக்காணத்தை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று பக்கிங்காம் கால்வாய். ஆந்திரக் கடற்கரையிலிருந்து சென்னை வழியாக வரும் அந்தக் கால்வாய் முடியும் இடம் மரக்காணம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலை என்ற பெயரில் பட்டினி கிடந்தவர்களைக் கொண்டு வெட்டிய பகுதி இதில் உண்டு. ஒரு ஆண் கூலிக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று அப்போது கணக்கிட்டவர் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். அந்தப் பஞ்சத்தில் இறந்த லட்சக்கணக்கானவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. கால்வாய்க்கு மட்டும் அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் நிலைத்தது.

இரண்டாவது, நம் காலத்தது. 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்தில் நடந்த சாதி மாநாடு ஒன்றுக்குப் போன கூட்டம் இவ்வழியே சென்றபோது மூண்ட கலவரத்தில், மரக்காணம் கட்டையன் தெருவில் தலித் மக்களின் குடிசைகள் எரிந்தன. அதை இனப்படுகொலை என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். யார் வீடு எது என்று அறிய அங்கே எவருக்கும் ஒரு காகிதமும் தேவைப்படவில்லை. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று பிரித்துக் குடியேற்றிய நம் கிராம வரைபடமே ஒரு பட்டியல். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த நாட்டின் கொடுமையைப் பேசப் போகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

*

தெற்கே போகும் பேருந்து கூனிமேட்டைத் தாண்டிக் கீழ்புத்துப்பட்டில் நின்றது. இந்த ஊரைப் புதுச்சேரிக்காரர்கள் மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலால் அறிவார்கள். காதுகுத்து, பொங்கல், மொட்டை என்று கோயில் வாசலில் எப்போதும் வேன்கள். கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் முகாம்.

முகாமுக்குள் அனுமதி இல்லாமல் வெளியார் போக முடியாது. நான் வெளியே டீக்கடையில்தான் உட்கார்ந்தேன். மாலையில் வேலை முடிந்து ஆட்கள் வந்தார்கள். சட்டையிலும் முடியிலும் சுண்ணாம்பும் எமல்ஷனும். தமிழ்நாடு முழுக்க முகாம் ஆண்களுக்கு வாய்த்த தொழில் பெயிண்ட் வேலை. நம் ஊர்களில் புதிதாகக் கட்டிய வீடுகள் பலவற்றுக்கு நிறம் பூசியது வீடற்ற இந்தக் கைகள்.

ஒரு பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். உப்பளம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதும் முகம் மாறியது.

“நான் ஆனையிறவில உப்பளத்தில வேலை செய்தனான் தம்பி. இஞ்ச பாத்தி சின்னன். எங்கட பெரிசு. அங்கயிருந்து பரந்தன் பக்டரிக்கு உப்புப் போகும்.”

ஆனையிறவு, யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு இணைக்கும் ஒடுங்கிய நிலம். அதன் உப்பளம் இலங்கையின் பெரிய உப்பளங்களில் ஒன்று. பரந்தன் ரசாயனத் தொழிற்சாலை அந்த உப்பை நம்பி இயங்கியது. 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் வெடித்ததும் இரண்டும் முடங்கின. ராணுவ முகாமுக்கும் புலிகளுக்கும் நடுவே சிக்கிய அந்த உப்புவெளி பத்தாண்டுக்கு மேல் போர்க்களமாகக் கிடந்தது. அவர் குடும்பத்தோடு மன்னார்க் கரைக்கு வந்து, படகேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபத்தில் பதிந்து, அங்கிருந்து லாரியில் இங்கே அனுப்பப்பட்டார்.

1983 முதல் 2009-க்குப் பிந்தைய ஆண்டுகள் வரை இப்படித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர். திரும்பிப் போனவர்கள், மேலைநாடுகளுக்குப் போனவர்கள் நீங்க, 2021-ல் சட்டமன்றத்தில் அரசு தந்த கணக்கின்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000-க்கும் அதிகமானோரும் வெளியே பதிந்து வாழ்பவர்களாக 34,000 பேரும் இருந்தார்கள். அந்த ஆண்டு முகாம்களின் பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உயர்ந்தது. 7,000-க்கும் மேற்பட்ட புதிய வீடுகள் அறிவிக்கப்பட்டன. பழைய பத்துக்குப் பத்து அறைகளில் மூன்று தலைமுறை படுத்துறங்கிய நிலை மெல்ல மாறுகிறது. இதையெல்லாம் குறைத்துச் சொல்வது நியாயமல்ல. மற்ற அகதிகள் பலருக்குக் கிடைக்காத கவனிப்பு இவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

ஆனாலும் ‘செக்கிங்’ நாளன்று எல்லோரும் ஆஜராக வேண்டும். அதிகாரி பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். ஆள் இல்லையென்றால் பணக்கொடை நிற்கும். தூரத்து ஊருக்குப் பெயிண்ட் வேலைக்குப் போனவர் அந்த ஒரு நாளுக்காக ராத்திரி பஸ் பிடித்து வந்து நிற்பார். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு கண்காணிப்பு இறுகியது. அன்றைக்குப் பிறக்காத பிள்ளைகளும் இன்றைக்கு அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

*

பெரியவரிடம் எண்பத்து மூன்றைப் பற்றிக் கேட்டேன். “நான் அப்ப கிளிநொச்சி. கொழும்பில இருந்த சனம்தான் பட்டது. வீட்டு நம்பரோட வந்தவங்கள்” என்றார்.

அவர் சொன்னது வதந்தி அல்ல. 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 ராணுவத்தினர் இறந்தார்கள். மறுநாள் மாலை கொழும்பில் தொடங்கிய வெறி ஒரு வாரம் நீடித்தது. கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல்கள் இருந்ததைக் கண்டவர்கள் பலர் பதிந்திருக்கிறார்கள். சிங்களவர் தெருவில் இருந்த ஒற்றைத் தமிழ் வீடு தப்பாமல் எரிந்தது. தமிழர் வாடகைக்கு இருந்த சிங்களவர் வீட்டில் சாமான் மட்டும் தெருவுக்கு வந்து எரிந்தது. ஆத்திரத்தில் வந்த கும்பலுக்கு அத்தனை கணக்கு இருக்காது. வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அரசு சொன்ன மொத்தச் சாவு 400-க்கும் குறைவு. மற்றவர்கள் 3,000 வரை சொல்கிறார்கள்.

வாக்காளர் பட்டியல் என்பது ஒரு குடிமகன் தன் நாட்டில் தனக்கும் பங்குண்டு என்று காட்ட வைத்திருக்கும் சான்று. அதையே வீட்டைக் காட்டிக்கொடுக்கும் வழிகாட்டியாக்கினார்கள். அதற்கு நீண்ட முன்கதை இருக்கிறது. 1948-ல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த ஏறத்தாழ 7 லட்சம் மலையகத் தமிழர்களைக் குடிமக்கள் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3 லட்சம் பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம், 1958-ல் கலவரம், 1981-ல் யாழ் நூலகத்தின் 97,000 நூல்கள் சாம்பல். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு ஆட்களைப் பழக்கியது.

போர் முற்றிய காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் தங்கும் தமிழர் போலீஸில் பதிய வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7 அதிகாலையில் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. அந்த அதிகாலையிலும் எந்த அறையில் யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

*

கீழ்புத்துப்பட்டிலிருந்து காலாப்பட்டு வழியாகப் புதுச்சேரி மிக அருகில். முகாம் பிள்ளைகள் பலருக்கு வேலையும் படிப்பும் சந்தையும் அங்கேதான். நானும் அங்கேதான் இரவு தங்கினேன். கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தின் அருகே நிற்கும்போது, இந்த ஊர் மயிரிழையில் தப்பிய ஒரு பட்டியல் நினைவுக்கு வந்தது.

1940 ஜூனில் பிரான்ஸ் ஹிட்லரிடம் வீழ்ந்தது. விஷி நகரில் ஒரு பொம்மை ஆட்சி அமைந்தது. உலகெங்குமிருந்த பிரெஞ்சுக் காலனிகள் யார் பக்கம் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. புதுச்சேரியின் கவர்னர் லூயி பொன்வேன் 1940 செப்டம்பரில் தெ கோலின் சுதந்திர பிரான்ஸ் பக்கம் சேர்ந்தார். அடுத்த மாதமே, அக்டோபர் 3 அன்று, விஷி அரசு யூதர்களை அரசு வேலையிலிருந்தும் பல தொழில்களிலிருந்தும் விலக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. விஷியின் பிடியில் இருந்த பிரெஞ்சு இந்தோசீனாவில், யூதர் ஒரு கைப்பிடி அளவே இருந்தும், அந்தச் சட்டம் அமலானது. புதுச்சேரிக்கு அது வரவில்லை.

அப்போது இங்கே, அரவிந்தர் ஆசிரமத்தில், அன்னை என்று நாம் அறியும் மிர்ரா அல்ஃபாசா இருந்தார். 1878-ல் பாரீஸில் பிறந்தவர். தந்தை துருக்கி யூதர், தாய் எகிப்திய யூதர். 1920-ல் புதுச்சேரிக்கு வந்து தங்கிவிட்டவர். அவர் பாரீஸிலேயே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அந்த நகரத்தின் ஆவணங்களே சொல்கின்றன. 1940 இலையுதிர் காலத்தில் ஜெர்மானியர் உத்தரவுப்படி பாரீஸ் யூதர்கள் தாங்களாகவே காவல் நிலையங்களுக்குப் போய் வரிசையில் நின்று பதிந்தார்கள். சட்டத்தை மதித்துப் பழகியவர்கள். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். பிரெஞ்சு போலீஸ் அதிகாரி ஆந்திரே துலார் அவர்களுக்கு அட்டைக் கோப்பு தயாரித்தார். பெயர்வாரியாக, தெருவாரியாக, தொழில்வாரியாக, தேசவாரியாக. 1942 ஜூலை 16, 17 தேதிகளில் அந்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறியது பிரெஞ்சு போலீஸ். 13,000-க்கும் அதிகமானோர் பிடிபட்டார்கள். அவர்களில் 4,000-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ் போனார்கள். திரும்பியவர்கள் மிகச் சிலர்.

ஜெர்மனியிலும் எழுத்துத்தான் முதலில் வந்தது. 1935-ல் நியூரம்பெர்க் சட்டங்கள் யார் யூதர் என்று பாட்டன் பாட்டியை எண்ணி வரையறுத்தன. 1939 மே மாத மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நான்கு பாட்டன் பாட்டிகளின் இனத்தைக் கேட்டு ஒரு தனி அட்டை. மனநலக் காப்பகங்களுக்கும் மாற்றுத் திறனாளி இல்லங்களுக்கும் ஒரு படிவம் போனது. நோயாளியைப் பார்க்காத டாக்டர்கள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, படிவத்தின் ஓரத்தில் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போட்டார்கள். கூட்டல் என்றால் சாவு. 1941 ஆகஸ்டுக்குள் 70,000 பேர் நச்சுவாயுவில் மாண்டார்கள். ஆஷ்விட்ஸின் வாயு அறைக்கு ஒத்திகை அங்கேதான் நடந்தது.

ரோமா மக்களைப் பற்றித் தமிழ் வாசகர்கள் கூடுதலாக அறிய வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே போனவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். பேச்சில் இன்னும் இந்திய மொழிகளின் வேர் இருக்கிறது. ராபர்ட் ரிட்டர் என்ற டாக்டர் குழுவோடு ஊர் ஊராகப் போய், ஜெர்மனியின் ரோமா, சின்டி குடும்பங்களின் வம்சாவளியை ஏறத்தாழ 24,000 பேர் வரை எழுதினார். ரத்தம் எடுத்தார், தலையை அளந்தார். 1944 ஆகஸ்ட் 2 இரவு ஆஷ்விட்ஸின் ரோமா முகாமில் எஞ்சியிருந்த 4,000-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். போர் முழுவதும் கொல்லப்பட்ட ரோமாக்கள் குறைந்தது இரண்டரை லட்சம். யூதர்கள் 60 லட்சம்.

நெதர்லாந்தின் கதையும் இதுவே. அந்த நாட்டின் மக்கள் பதிவேடு ஐரோப்பாவிலேயே மிகச் சீரானது. நல்ல நிர்வாகம் என்று பெருமைப்பட்டார்கள். 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதற்கு அந்தச் சீரும் ஒரு காரணம். இதைப் புரிந்துகொண்ட ஒரு சிறு குழு 1943 மார்ச் 27 இரவு ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்தை வெடிவைத்து எரித்தது. தலைமை தாங்கியவர்களில் ஒருவர் ஓவியர் வில்லெம் அரொன்டேயஸ். தற்பாலீர்ப்பை மறைக்காமல் வாழ்ந்தவர். அவர் போன்றவர்களுக்கும் நாஜிகள் தனிப் பட்டியல் வைத்திருந்தார்கள். எரிந்தது பதிவேட்டில் ஒரு பகுதிதான். அந்த ஜூலையில் அவரும் தோழர்களும் சுடப்பட்டார்கள். வெடிமருந்தை ஒரு பாலத்துக்கோ பாசறைக்கோ வைக்காமல் காகித அலமாரிக்கு வைத்தவர்கள், எதிரியின் உண்மையான ஆயுதக்கிடங்கு எது என்பதைச் சரியாகக் கண்டுகொண்டவர்கள்.

*

யூதர்களுக்கு நடந்ததும் ஈழத்தில் நடந்ததும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அளவும் முறையும் நோக்கத்தின் ஆவணங்களும் வேறு. ஒரு சாவை இன்னொரு சாவோடு தராசில் வைப்பது இருவருக்கும் அவமரியாதை. ஆனால் ஈழத்தில் போரின் கடைசி மாதங்களில் பட்டியலின் இன்னொரு கொடுமை அரங்கேறியது: ஆட்களைக் கணக்கிலிருந்து குறைப்பது.

2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். உள்ளே எத்தனை சனம் என்பது உணவுக் கப்பலும் மருந்தும் எவ்வளவு போகும் என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி. கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தின் கணக்கை ஏற்காமல் கொழும்பு மிகக் குறைந்த எண்ணைச் சொல்லி வந்தது. 2009 ஏப்ரல் இறுதியில் வெறும் 10,000 பேர்தான் மிச்சம் என்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்போது முள்ளிவாய்க்கால் மணலில் பங்கருக்குள் கிடந்தார்கள். புலிகளோ அந்தச் சனத்தைத் தப்பிப் போகவிடாமல் கேடயமாகப் பிடித்து வைத்தார்கள், ஓடியவர்களைச் சுட்டார்கள். போர் முடிந்த மே மாதத்தில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள்.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் அரசின் விசாரணைக் குழு முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கச்சேரிக் கணக்கின்படி இருந்தவர்கள் 4,29,059. போர் முடிந்து வெளியே வந்ததாகப் பதிவானவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேர் எங்கே? அவர் சொன்னது கொல்லப்பட்டவர் எண்ணிக்கை அல்ல. கணக்கில் வராதவர் எண்ணிக்கை. ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. 2012-ல் ஐ.நா.வின் உள்ளக ஆய்வு, 70,000-க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்ற தகவலைக் குறிப்பிட்டது. வடக்கு மாகாண சபை 2015 பிப்ரவரியில் நடந்தது இனப்படுகொலை என்று தீர்மானம் நிறைவேற்றியது. இலங்கை அரசு மறுக்கிறது. எந்தச் சர்வதேச நீதிமன்றமும் இன்னும் விசாரிக்கவில்லை. ஆயரின் கேள்விக்கு மட்டும் ஒருவரும் கூட்டிக் கழித்துப் பதில் சொல்லவில்லை.

டீக்கடைப் பெரியவரின் தங்கை குடும்பமும் அந்த மீதிக்குள் இருக்கிறது. “விதானையாரின்ர புத்தகத்தில அவையின்ர பேர் இருந்தது. அதுக்குப் பிறகு எந்தப் புத்தகத்திலயும் இல்லை” என்றார். விதானையார் என்றால் கிராம அலுவலர். வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரி முதல் கூரை போட்டு உட்கார்ந்து கேட்பது இதைத்தான்: சரணடைந்தவர்களின் பட்டியலை வெளியிடுங்கள்.

நாம் பாதிக்கப்பட்ட பக்கம் என்பதால் நம் கை சுத்தம் என்று ஆகிவிடாது. கீழ்புத்துப்பட்டுக்கு வரும் வழியில் பார்த்த கூனிமேட்டுப் பள்ளிவாசல் எனக்கு யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவை நினைவூட்டியது. 1990 அக்டோபர் 30 அன்று புலிகள் யாழ் முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். கையில் சில நூறு ரூபாயும் உடுதுணியும் தவிர எல்லாவற்றையும் விட்டுப் போகச் சொன்னார்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட 70,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வடக்கிலிருந்து துரத்தப்பட்டார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஆகஸ்ட் 3 அன்று, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் புத்தளத்தில் அகதிக் குடிசை போட்டு வாழ்ந்த வருடங்களைப் பற்றி நம் மேடைகள் பேசியது மிகக் குறைவு. எண்பத்து மூன்றின் பட்டியலைச் சபிக்கிற வாய்க்குத் தொண்ணூறின் துரத்தலைச் சபிக்கும் கடமையும் இருக்கிறது.

*

யூதர்களுக்கு உலகம் கதவடைத்த கதை தெரிந்ததுதான். 1938 ஜூலையில் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி அனுதாபம் தெரிவித்துவிட்டுக் கலைந்தன. அடுத்த ஆண்டு செயிண்ட் லூயிஸ் கப்பலில் வந்த 937 பேரைக் கியூபா ஒரு சிலர் நீங்கலாக இறக்கிவிடவில்லை, அமெரிக்கா ஏற்கவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களில் 254 பேர் பிறகு நாஜிகளின் கையில் மாண்டார்கள். அந்த வெட்கத்திலிருந்து பிறந்தவை இரண்டு உடன்படிக்கைகள். 1948 டிசம்பரின் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை. 1951-ன் அகதிகள் உடன்படிக்கை. முதலாவதை இந்தியா 1959-ல் ஏற்றது, அதற்கான உள்நாட்டுச் சட்டம் இன்றுவரை இல்லை. இரண்டாவதில் இந்தியா கையெழுத்திடவே இல்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது.

ஆகவே கீழ்புத்துப்பட்டுக்காரர்களின் நிலை அந்தந்த அரசின் மனதைப் பொறுத்தது. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்கு வழி திறந்தது. அதில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. அது நல்ல அடி. ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது வேறு, நீ எங்களவர் என்பது வேறு.

1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள் என்று சட்டம் சொல்கிறது. அப்படி முகாமில் பிறந்த ஒருவர் நீதிமன்றம் போய் உரிமையை நிலைநாட்டி, 2024 மக்களவைத் தேர்தலில் முதல் முறையாக வாக்களித்தார். முகாம்களில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்கள். தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, இலங்கையைப் பார்த்தேயிராத பட்டதாரிகள் அவர்களில் உண்டு. அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது.

கிளம்பும்போது பெரியவர் சொன்னார்: “எல்லாப் பதிவிலயும் எங்கட பேர் இருக்கு தம்பி. கியூ பிராஞ்சில இருக்கு, ஆர்.ஐ. ஆபீசில இருக்கு. ஓட்டுப் போடுற லிஸ்டில மட்டும் இல்லை.”

கொழும்பில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்ததால் வீடிழந்த சனத்தின் பேரப்பிள்ளைகள், தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் பெயர் இல்லாமல் நிற்கிறார்கள். பட்டியல் மேல் பழி இல்லை. அதை யார் எழுதுகிறார், எதற்கு எழுதுகிறார், எழுதப்பட்டவருக்கு அதில் ஒரு சொல் உண்டா என்பதுதான் கேள்வி. அடையாளம் காண மட்டும் எழுதும் பட்டியல் ஒருநாள் வேட்டைக்குப் பயன்படும். உரிமை தர எழுதும் பட்டியல்தான் மனிதரைக் காக்கும்.

முகாம்களில் நீண்டகாலம் வாழ்பவர்களுக்கும் அங்கே பிறந்தவர்களுக்கும் குடியுரிமை கிடைக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றம். மேடையில் ஈழம் பேசுகிற கட்சிகள் பல அங்கே உறுப்பினர்களை வைத்திருக்கின்றன. அடுத்த முறை உங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், முகாம் பிள்ளைகளின் பெயர் வாக்காளர் பட்டியலில் எப்போது ஏறும் என்று கேளுங்கள். திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்கு அவர்கள் காணி திரும்பக் கிடைக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. அவர்களிடம் ஓட்டு இல்லை. உங்களிடம் இருக்கிறது.